பேத்தைக்கு முன்னால் தண்ணீர்

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்களில் "குட்டி பஃபர் இருக்கா?" என்று கேட்டால், பெரும்பாலும் கடை மூலையில் இருக்கும் ஒரு சிறிய தொட்டியைக் காட்டுவார்கள். உற்றுப் பார்த்தால்தான் மீன் இருப்பதே தெரியும். சுண்டுவிரல் நுனி அளவு உடம்பு, மஞ்சளும் பச்சையும் கலந்த தோல், அதில் கறுப்புத் திட்டுகள். மற்ற மீன்கள்போல் அங்குமிங்கும் ஓடாமல், அந்தரத்தில் நிற்கும் தட்டான்போல் ஒரே இடத்தில் நிற்கும். வலக்கண் உங்களைப் பார்க்கும். இடக்கண் அதே நேரத்தில் பின்னால் வரும் இன்னொரு பஃபரைப் பார்க்கும். கூட வந்த குழந்தை அந்த நொடியே முடிவு செய்துவிடும். ஒரு கவரில் தண்ணீர், ஒரு ரப்பர் பேண்ட், அரை மணி நேரத்தில் வீடு.

மூன்றாம் நாள் அது தொட்டியின் அடியில் வயிறு கறுத்துக் கிடக்கும். ஐந்தாம் நாள் இருக்காது. என் முதல் பஃபர் இப்படித்தான் போனது. அதன்பிறகு பல வீடுகளில் இதே கதையைக் கேட்டுவிட்டேன். எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தொட்டியில் விடும்போது என்ன தப்பு செய்தோம்?" விடும்போது நடக்கும் தப்பு பெரும்பாலும் சின்னது. பெரிய தப்பு அதற்கு ஒரு மாதம் முன்பே நடந்துவிடுகிறது. அந்த ஒரு மாதத்தில் தயாராகியிருக்க வேண்டிய தண்ணீரை யாரும் தயார் செய்யவில்லை.

நம் கடற்கரைகளில் பேத்தை என்று சொல்கிறார்களே, அந்தக் குடும்பத்தின் மிகச் சிறிய பிள்ளைகளில் ஒன்று இது. வலையில் சிக்கியதும் பந்துபோல் ஊதிக்கொள்ளும் கடல் பேத்தையைப் பார்த்தவர்கள் அதன் நஞ்சைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பார்கள். இந்தக் குட்டிப் பேத்தையோ கடலையே அறியாதது. கேரளத்திலும் தென் கர்நாடகத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆறுகளில், செடிகள் அடர்ந்த, ஓட்டம் குறைந்த நீரில் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. 1941-ல் சுந்தர் லால் ஹோராவும் கே. கே. நாயரும் பம்பை ஆற்று மீன்களை வைத்து இதை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். பெயரிலேயே திருவிதாங்கூரைச் சேர்த்தார்கள். இன்று இதன் அறிவியல் பெயர் காரினோடெட்ராவோடான் டிராவன்கோரிகஸ். முழு வளர்ச்சி அடைந்தாலும் மூன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 'அழிவாய்ப்பு இனம்' என்ற வகையில் இருக்கிறது. வண்ண மீன் வியாபாரத்துக்காக ஆற்றிலிருந்து அள்ளிக்கொண்டு போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே உங்கள் கையில் இருக்கும் கவருக்குள் ஒரு பயணி இருக்கிறது. ஆறு, பிடித்தவரின் தொட்டி, மொத்த வியாபாரி, கடை என்று ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் மாறியிருக்கிறது. பல நாள் பட்டினியும் கிடந்திருக்கும். உங்கள் வீடு அதற்கு நான்காவது அல்லது ஐந்தாவது தண்ணீர். இன்னொரு அதிர்ச்சியைத் தாங்க அதன் உடம்பில் மிச்சம் குறைவு.

உடம்பின் அமைப்பும் அதற்குச் சாதகமாக இல்லை. பஃபருக்குச் செதில் கிடையாது. செதில் மூடிய மீன்கள் தாங்கிக்கொள்ளும் மருந்துகள் பல இதைத் தாக்கிவிடும். தாமிரம் கலந்த மருந்துகள் முக்கியமாக. மற்ற மீன்களில் செவுளை மூடிக்கொண்டு அகலமான ஒரு மூடி திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். பஃபரில் அந்த இடத்தில், பக்கத் துடுப்புக்கு முன்னால், ஒரு சிறு பிளவுதான் வெளியே தெரியும். மூச்சுக்காக வாயால் இழுக்கும் தண்ணீர் முழுவதும் அந்தப் பிளவு வழியாகத்தான் வெளியேறுகிறது.

மூச்சு என்றதும் ஆக்சிஜன் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. மீனின் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதி வெளியேறுவதும் செவுள் வழியாகத்தான், அம்மோனியாவாக. மீன் மூச்சு விட விட அது வாழும் தண்ணீரில் நஞ்சு சேர்ந்துகொண்டே இருக்கிறது. பம்பையில் அதை ஆறு அடித்துக்கொண்டு போய்விடும். இருபது லிட்டர் கண்ணாடித் தொட்டியில் அது எங்கே போகும்? ஒன்றே ஒன்றுதான் வழி. யாராவது அதைத் தின்ன வேண்டும்.

தின்பவர்கள் இருக்கிறார்கள். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். செவுள் வழியாக ரத்தத்துக்குள் நுழைந்து, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத பொருளாக மாற்றிவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மூச்சுத் திணறும். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டைப் பெரிய தீங்கில்லாத நைட்ரேட் ஆக்குகிறது. பழைய மீன் வளர்ப்புப் புத்தகங்கள் அதை நைட்ரோபாக்டர் என்று எழுதின. 1990-களின் பிற்பகுதியில் மரபணுச் சோதனை மூலம் பார்த்தபோது, நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று தெரிய வந்தது. சேரும் நைட்ரேட்டை வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றி நாம் வெளியேற்றிவிடலாம்.

இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதைவிட ஃபில்டரின் பஞ்சிலும் மணலிலும் இலைகளிலும் ஒட்டிக்கொண்டுதான் அதிகம் வாழ்கின்றன. வளர்ச்சியும் மெதுவானது. நம் குடலில் வாழும் ஈ.கோலி நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவை இரட்டிப்பாகப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். புதுத் தொட்டியில் போதுமான கூட்டம் சேர நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிப்பது இதனால்தான்.

மீன் இல்லாமலேயே அந்த ஆறு வாரத்தைக் கடக்கலாம். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓட விட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. கடைகளில் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. முதலில் அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். நைட்ரைட் ஏறும், பிறகு இறங்கும். தீனி போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். இதைவிடச் சுலபமான வழியும் ஒன்று உண்டு. நோயில்லாத, பல மாதம் ஓடிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரோடு வையுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். உறை மோர் சேர்ந்த பால் விடிவதற்குள் தயிராவதுபோல, வாரக்கணக்கு நாட்கணக்காகக் குறையும். அப்போதும் சோதனை செய்து பார்க்காமல் மீனை விடக் கூடாது.

மெட்ரோ வாட்டர் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் கிருமிகளைக் கொல்வதற்காகவே கலக்கப்படுவது. நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று அது பார்க்காது. மீனின் செவுளையும் விட்டுவைக்காது. கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் படிகம் சோடியம் தயோசல்ஃபேட். ஃபிலிம் காலத்தில் போட்டோ ஸ்டூடியோக்களில் ஹைப்போ என்று வைத்திருந்தார்களே, அதேதான். ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் தேவை. ஃபில்டர் பஞ்சை ஒருபோதும் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் பிழிந்தால் போதும்.

தண்ணீர் தயாராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கவர். இந்தச் சின்ன பிளாஸ்டிக் பைக்குள் நடக்கும் வேதியியல்தான் இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு மிகவும் வியப்பானது.

கவர் கட்டியதும் மீன் உள்ளே மூச்சு விடுகிறது. கரியமில வாயு தண்ணீரில் கரைந்து அமிலமாகிறது, தண்ணீரின் பி.எச். இறங்குகிறது. அம்மோனியாவும் சேர்ந்துகொண்டே போகிறது. ஆனால் அம்மோனியாவுக்குத் தண்ணீரில் இரண்டு முகங்கள். வாயு வடிவில் இருக்கும் அம்மோனியா செவுளைச் சுலபமாகக் கடந்து உடம்புக்குள் போய்விடும். ஒரு ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்டு அம்மோனியம் ஆகிவிட்டால் அவ்வளவு சுலபமாகக் கடக்க முடியாது. எந்த முகம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.எச். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் ஆயிரத்தில் ஏறக்குறைய ஆறு பங்குதான் நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அதுவே ஐம்பதைத் தாண்டிவிடும். அதாவது, மீன் விடும் கரியமில வாயுவே கவருக்குள் அதற்கு ஒரு காவலாக நிற்கிறது.

கவரைத் திறந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. கரியமில வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியம் நஞ்சாக மாறும். வெளியூரிலிருந்து பல மணி நேரம், ஒரு இரவு முழுவதும் கூட, பார்சலில் வந்த மீனைத் திறந்த கவரில் வைத்து, "மெதுவாகப் பழகட்டும்" என்று இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுபவர்கள் அறியாமல் செய்வது இதுதான். அந்த மீனுக்குத் தேவை, கவரைப் பிரிக்காமல் வெப்பத்தைச் சமப்படுத்துவது. பிரித்த பிறகு தாமதிக்காமல் நல்ல தண்ணீருக்கு மாற்றுவது.

அப்படியானால் உப்பும் கடினத்தன்மையும் மாறும் அதிர்ச்சி? அதுவும் உண்மைதான். கடையில் போர் தண்ணீர், வீட்டில் மெட்ரோ வாட்டர் என்றால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கலாம். இதற்கும் பதில் மீன் வாங்குவதற்கு முன்பே இருக்கிறது. கடைக்கு ஒருமுறை சும்மா போய், மீன் இருக்கும் தொட்டியின் தண்ணீரை ஒரு பாட்டிலில் வாங்கி வந்து, பி.எச்.ஐயும் டி.டி.எஸ்.ஐயும் அளந்து பாருங்கள். உங்கள் தொட்டியை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டால், வந்த அன்று மீன் பழகிக்கொள்ள வேண்டியது அதிகம் இருக்காது. பிறகு வாரா வாரம் தண்ணீர் மாற்றும்போது மெல்ல மெல்ல உங்கள் வீட்டுத் தண்ணீருக்குக் கொண்டுவரலாம். கொளத்தூரிலிருந்து வில்லிவாக்கத்துக்கு அரை மணியில் வந்த மீன் என்றால் கவலை குறைவு. கவருக்குள் அம்மோனியா சேர நேரம் போதாது. பதினைந்து இருபது நிமிடம் கவரை மிதக்க விட்டு, இன்னொரு அரை மணி நேரத்தில் நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து மாற்றலாம். எப்படி வந்திருந்தாலும் கவர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

வழியில் வெயில். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கும் கவரின் தண்ணீர் சில நிமிடங்களில் சூடேறிவிடும். செய்தித்தாளில் சுற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். இருட்டில் மீனும் அமைதியாக இருக்கும்.

மாற்றும்போது வலை வேண்டாம். பஃபரை வலையில் பிடித்து மேலே தூக்கினால் பயந்து ஊதிக்கொள்ளும். தண்ணீருக்கு வெளியே என்பதால் காற்றை விழுங்கும். விழுங்கிய காற்று சில சமயம் வெளியேறாமல் சிக்கிக்கொண்டு, மீன் கீழே இறங்க முடியாமல் தலைகீழாக மிதக்கும். சோப்பு படாத ஒரு சின்ன டப்பாவைத் தண்ணீருக்குள்ளேயே கொண்டுபோய் மீனை அதற்குள் வரவைத்து, தண்ணீரோடு எடுத்துத் தொட்டிக்குள் சாய்த்தால் போதும்.

ஊதும் மீனைப் பார்க்கக் குழந்தைகளுக்கு ஆசையாக இருக்கும். தட்டி, விரட்டி, ஊத வைக்கப் பெரியவர்களே முயல்வதும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பஃபருக்கு விலா எலும்பு இல்லை. மடிப்பு மடிப்பான இரைப்பைக்குள் தண்ணீரை அள்ளி அள்ளி விழுங்கித்தான் அது பந்தாகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பவளப்பாறையில் வாழும் ஒரு பஃபர் இனத்தை வைத்து இதை அளந்து 2014-ல் வெளியிட்டார்கள். ஊதிய நிலையில் அந்த மீன் மூச்சை அடக்கிக்கொள்ளும் என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். அடக்குவதில்லை; ஓய்வில் இருப்பதைப்போல் ஐந்து மடங்கு ஆக்சிஜனை இழுக்கிறது. ஊதல் இறங்கிய பிறகு உடம்பு பழைய நிலைக்குத் திரும்பச் சராசரியாக ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நமக்கு அரை நிமிட வேடிக்கை.

முதல் இரவு விளக்கை அணைத்துவிடுங்கள். தீனியும் வேண்டாம். நன்னீர் மீனின் ரத்தம் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு மிகுந்தது. அதனால் தண்ணீர் ஓயாமல் உடம்புக்குள் ஊறிக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகம் அதை வெளியே தள்ள, செவுள் இழந்த உப்பைத் தேடி உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. மிரண்ட மீனின் செவுளில் ரத்த ஓட்டம் கூடும், உப்பு அதிகமாகக் கசியும். ஈடுகட்ட அதற்கு வேண்டியது அமைதி. தொட்டியில் ஜாவா மோஸ், வேலம்பாசி போன்ற செடிகளும் ஒளிந்துகொள்ள நாலைந்து மறைவிடங்களும் இருந்தால் முதல் நாளே ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். வெறும் கண்ணாடித் தொட்டியில் விட்டால் மேலும் கீழுமாகக் கண்ணாடியை உரசிக்கொண்டே நீந்தும். இரண்டு மூன்று நாளில் அது நிற்காவிட்டால் செடியைக் கூட்டுங்கள், தண்ணீரைச் சோதியுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். கடையில் சேர்த்துக் கொடுக்கும் உருண்டைத் தீனியைப் பஃபர் திரும்பியும் பார்க்காது. அது வேட்டையாடி. அசைவதுதான் அதன் கண்ணில் படும். ஆர்ட்டீமியா, டாஃப்னியா, டியூபிஃபெக்ஸ் புழு, சுத்தமான தண்ணீரில் பிடித்த கொசுப்புழு, சின்ன நத்தை. தொடங்க இவை; பழகிய பிறகு உறைய வைத்த ரத்தப்புழுவையும் எடுத்துக்கொள்ளும். ஒரு நத்தையைப் போட்டுவிட்டு நாற்காலி இழுத்து உட்காருங்கள். பஃபர் முதலில் தூரத்தில் நின்றே பார்க்கும். பிறகு அருகில் வந்து, வாலைப் பக்கவாட்டில் மடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, இரண்டு கண்களையும் முன்னால் குவிக்கும். நத்தை ஓட்டுக்குள் சுருங்கும். பஃபர் அசையாது. நத்தை மறுபடி சதையை நீட்டும் நொடியில் ஒரே பாய்ச்சல். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு தகடுகளாக ஒட்டிப்போன பல் அது; 'நான்கு பல்' என்று கிரேக்கத்தில் குடும்பத்துக்கே பெயர் வந்தது அதனால்தான். பஃபரின் பல் வாழ்நாள் முழுவதும் வளரக்கூடியது. ஓட்டைக் கடிக்கும் வேலைதான் அதைத் தேய்த்து அளவில் வைக்கிறது.

இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் பதற வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டும் வயிறு உள்வாங்கி, முதுகு மெலிந்துகொண்டே போனால் குடல் புழுவாக இருக்கலாம். ஆற்றில் பிடித்த மீன்களில் அது சாதாரணம். அனுபவமுள்ளவரைக் கேட்டு, உணவு வழியாகப் புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். தொட்டியில் கண்ட மருந்தையும் கொட்டுவது நோயைவிடக் கெடுதல்.

துணை என்று கப்பியையோ ஃபைட்டரையோ சேர்க்காதீர்கள். துடுப்பைக் கடித்துக் குதறிவிடும். ஆண் பஃபர்கள் தங்களுக்குள்ளும் இடத்துக்குச் சண்டை போடும். வளர்ந்த ஆணுக்கு வயிற்றின் நடுவே கறுப்புக் கோடும் கண்ணுக்குப் பின்னால் மெல்லிய சுருக்கங்களும் இருக்கும். நாற்பது லிட்டருக்கு மேல் இடமிருந்தால் ஓர் ஆணும் இரண்டு மூன்று பெண்ணும். இல்லையென்றால் ஒன்றே போதும். அமைதியாக வாழ்ந்த ஜோடி பாசிக்குள் முட்டையிடும். அந்தக் குஞ்சுகளை வளர்த்துக் கொடுப்பவர்கள் நம் ஊரிலும் பெருகினால், பம்பையிலிருந்து அள்ள வேண்டிய தேவை அந்த அளவுக்குக் குறையும்.

ஒரு எச்சரிக்கை. அதே கடையில் பச்சை முதுகில் கரும்புள்ளிகளோடு இன்னொரு அழகான பஃபர் குஞ்சும் இருக்கும். அது வேறு இனம். கழிமுகங்களிலும் சதுப்பு நிலக் காடுகளிலும் வாழ்வது. பதினைந்து சென்டிமீட்டர் வரை வளரும். முதுகெலும்புள்ள உயிர்களிலேயே மிகச் சிறிய மரபணுத் தொகுதிகளில் ஒன்று அதனுடையது. 2004-ல் அதை வாசித்து அதன் வரைவை வெளியிட்டார்கள். குஞ்சில் நன்னீரைத் தாங்கும். வளர்ந்த பிறகு உவர்நீர் வேண்டும், அதுவும் சமையல் உப்பால் ஆனது அல்ல, கடல் உப்புக் கலவையால் ஆனது. நூறு லிட்டருக்கும் மேல் தொட்டி வேண்டும். நன்னீர் மீன் என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

உங்கள் தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு கடைக்குப் போங்கள். எடுத்தவுடன் விலையைக் கேட்காமல், "இது இங்கே என்ன சாப்பிடுகிறது?" என்று கேளுங்கள். உங்கள் கண்முன்னே நாலு புழுவைப் போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்பதை மட்டும் கவரில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.